ஐந்து மூலைக் குளியலறை

காவிரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் சேர்த்து, வீடு கட்டப்போகிறவர்களிடம் இவ்வளவு வசவு வாங்கிய மனிதர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. அடி வாங்கியதும் உண்டு. ஒரு வீட்டில் மனை பூஜைக்கு உடைத்த தேங்காயின் ஒரு மூடியை அவர் மேல் எறிந்திருக்கிறார்கள். இடது புருவத்தில் அந்தத் தழும்பு இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ரேஷன் கார்டைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் அவர் பாடை இன்ஜினியர்.

பெயர் வந்த காரணம் எளிது. "சின்ன இடம்தான் சார், ஒரு வீடு கட்டணும்" என்று போய் நிற்பவரிடம் மற்ற இன்ஜினியர்கள் எத்தனை படுக்கையறை, சமையலறை எந்த மூலை என்று கேட்பார்கள். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கேட்பார்:

"உங்க வீட்ல முதல்ல யாரு போவாங்கன்னு நினைக்கிறீங்க? எந்த ரூம்லேர்ந்து?"

பாதிப் பேர் அங்கேயே எழுந்துவிடுவார்கள். மீதிப் பேர் எழுந்து, திட்டிவிட்டுப் போவார்கள். அதையும் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வீடு.

அரசர்கள் இறந்தவர்களுக்கென்று மாளிகை கட்டிய வரலாறுகளை நிறையப் படித்திருக்கிறேன். குடியிருக்கும் வீட்டில், உயிரோடிருப்பவர்கள் கண் முன்னாலேயே, பிணம் போக வழி விட்டுத்தான் மற்றதை எல்லாம் வரையவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒருவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. நான் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவேட்டு அறையைக் காத்து ஓய்வு பெற்றவன். எதையும் கிழமை, நேரத்தோடு குறித்து வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கீழே உள்ளவை என் டைரிகளிலிருந்து எடுத்தவை. வருடங்களை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

அவருடைய கருவி ஒன்றே ஒன்று. இரண்டு நீள மூங்கில், நான்கு குறுக்குக் குச்சி. ஆறே முக்கால் அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறுவார். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு வியாழக்கிழமை காலை 10.15க்கு நானே உடன் இருந்தேன்.

"பெரியவரே, ஏணியெல்லாம் ஏத்தக் கூடாது" என்றார் கண்டக்டர்.

"ஏணி இல்ல தம்பி. மனுஷன் படுத்திருக்கிற அளவு."

கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மனுஷன்தான். அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க."

வண்டியே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. எடுத்தார். எடுத்துவிட்டு, மூன்று பேர் உட்காரும் இருக்கையில் அதைக் கிடத்தி, "டிக்கெட் எடுத்திருக்கேன்ல" என்று கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். அந்த இருக்கையில் இருந்த அம்மாள், அது என்ன அளவு என்று புரிந்த மாத்திரத்தில், பூக்கூடையோடு முன்பக்கம் ஓடிப்போனாள். ஜங்ஷன் வரை மூங்கில் படுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் நின்றுகொண்டு வந்தோம்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். சொன்னார்.

வீட்டு வரைபடம் போடுபவராக இருந்த இளம் வயதில் அவர் கட்டிய முதல் வீடு பாலக்கரைச் சந்து ஒன்றில் மூன்று மாடி. அடி நிலம் இருநூறு சதுர அடி. இடம் மிச்சம் பிடிக்க இரும்பில் சுருள் படி போட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கைகொடுத்தார்கள். பதினோரு மாதம் கழித்து, மூன்றாம் மாடியில் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். கனத்த உடம்பு. சுருள் படியில் படுக்க வைத்து இறக்க முடியவில்லை. நிற்க வைத்தும் முடியவில்லை. கடைசியில் பீரோ இறக்குகிறவர்களைக் கூப்பிட்டு, போர்வையில் சுற்றி, பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். தெருவே அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் மாடி அருகில் உடம்பு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் இடித்தது.

"கயிறு பிடிச்ச நாலு பேர்ல நானும் ஒருத்தன், பாய்" என்றார். "இடிச்ச சத்தம் கேட்டுச்சு. அவரு சம்சாரம் மேலேர்ந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு. 'பாத்து இறக்குங்க, அவருக்கு வலிக்கும்'னுச்சு."

அதற்குப் பிறகு அவர் வரைந்த எல்லா வீடும் கடைசியிலிருந்துதான் தொடங்கியது. முதல் கோடு படுக்கையிலிருந்து தெருவுக்கு. அந்த வழி அமைந்தால்தான் அடுப்பு, அலமாரி, மற்றதெல்லாம்.

வீட்டுக்கும் அவர் சாவு வைத்திருந்தார். "வீடு மனுஷனுக்கு முன்னாடி சாகக் கூடாது. மனுஷன் போனதுக்கு அப்புறம் குப்பையா கிடக்கவும் கூடாது" என்பார். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரை இடித்தால் செங்கல் பொடிப்பொடியாகும். சுண்ணாம்புக் காரையில் கட்டினால் முழுசாகக் கழன்று வரும், அடுத்த வீட்டுக்கு ஆகும். அதனால் சுண்ணாம்புதான். கதவு, நிலை, உத்தரம் எல்லாம் இடித்த வீடுகளிலிருந்து வாங்கியது. புதுச் செங்கல்லை யாராவது காட்டினால், பச்சைக் குழந்தையைக் கொல்லக் கொண்டுவந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போனது என் மனைவி ஜமீலாவுக்காக.

ஜமீலாவுக்குத் தசை நலிந்துகொண்டே போகும் வியாதி. முதலில் செருப்பு கழன்று விழுந்தது. அப்புறம் கால் படியில் ஏற மறுத்தது. டாக்டர் மருந்தைவிட அதிகமாக வருத்தம் தெரிவித்தார். நாங்கள் குடியிருந்தது பாலக்கரையில் இரண்டாம் மாடி. பிள்ளைகள் இல்லை. கடைசி ஏழு மாதத்தில் அவள் தெருவைப் பார்த்தது நான்கே முறை, நான்கும் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்கள். நான்கு முறையும் நாற்காலியில் வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அடுத்த வீட்டு ஆண்கள் இறக்கினார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே சொத்து, அவளுடைய அத்தா காட்டூரில் விட்டுப்போன ஒரு சென்ட் நிலம். பன்னிரண்டு அடி அகலம், முப்பத்தாறு அடி நீளம். எல்லோரும் அதை விற்கச் சொன்னார்கள். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "கட்டுங்க. தரையோட இருக்கட்டும். படுத்தாலும் எனக்குத் தெரு தெரியணும். மூலையில போட்டு மூடிடாதீங்க."

நடை முழுவதும் நிற்பதற்குள் கட்டி முடிக்கவேண்டும். அதுதான் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை மாலை 4.40க்கு அவர் எங்கள் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். நான் பயந்தேன்.

"முதல்ல யாரு போவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா சொன்னாள்: "நான்தான் அண்ணே. இதுல என்ன சந்தேகம்? இவரு டைரி எழுதி முடிக்காம போகமாட்டாரு. படுத்தாலும் எனக்குத் தெரு தெரியணும், அவ்வளவுதான்."

அவர் முதன்முறையாக அந்தக் கேள்விக்கு நேரான பதில் வாங்கியிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. காகிதத்தை விரித்தார். "இந்தத் தங்கச்சிக்கு வீடு கட்டலாம்" என்றார், என்னைப் பார்த்து.

படம் தயாரானதும் அவர் காகிதத்தில் சம்மதம் வாங்குவதில்லை. மனையில் முழு அளவில் சாக்பீஸ் பொடியால் வீட்டைக் கோடு போட்டு, காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை அதில் 'குடியிருக்க' வைப்பார். சுவர்க் கோட்டைத் தாண்டக் கூடாது. கதவு வழியாகத்தான் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. வெட்டவெளி. ஜமீலாவைச் சக்கர நாற்காலியில் கோட்டுச் சமையலறைக்குள் விட்டோம். மடக்குப் பலகையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். நான் டீக்கடைப் பையனிடம் தம்ளரை வாங்கக் கையை நீட்டினேன்.

"பாய்! கை சுவத்துக்குள்ள போயிடுச்சு!"

வாசல் வழியாகச் சுற்றிப் போய் வாங்கினேன். டீ ஆறிவிட்டது. பத்தரைக்கு ஓர் ஆடு படுக்கையறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து கூடத்தில் புழுக்கை போட்டது. அதை மட்டும் அவர் மன்னித்தார். பதினொன்றேகாலுக்கு, உப்பு எங்கே என்ற விஷயத்தில் எனக்கும் ஜமீலாவுக்கும் சண்டை. நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் பின் அறைக்குப் போய், இல்லாத கதவை அறைந்து சாத்திவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டடி தூரத்தில் நான் நின்றேன். கொத்தனார் செல்வமும் ஆட்களும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பாடை இன்ஜினியர் நோட்டில் எழுதிக்கொண்டார். "நல்லது. கோவிச்சுக்கிட்டுப் போக இடம் இருக்கு. சின்ன வீட்ல முதல்ல காணாமப் போறது அதான்."

மதியம் வெயிலில், கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் மடக்குக் கதவைக் காட்டினார். ஸ்ரீரங்கத்தில் இடித்த வீடு ஒன்றிலிருந்து நான்கு பழைய கதவுகள், கீல் போட்டு இணைத்தது. திறந்தால் ஒரு கூடம், மூடினால் இரண்டு அறை. "விருந்தாளி வந்தா மூடிக்கோங்க. யாரும் வராதப்ப திறந்து போட்டுடுங்க, இல்லாட்டி தனிமை ரெண்டு ரூமா தெரியும்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு முக்கியமான சோதனை. மூங்கில் சட்டத்தைப் பின் அறையில் வைத்தார்.

"யாராவது படுங்க."

செல்வம், "எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கு சார்" என்று ஒதுங்கினான். மற்றவர்கள் பீடி பற்றவைக்கப் போனார்கள். நான் படுத்தேன்.

"கண்ண மூடுங்க பாய். செத்தவன் முழிச்சுப் பாக்கமாட்டான்."

மூடினேன். ஒருவழியாக நான்கு பேர் தூக்கினார்கள். பின் அறையிலிருந்து குளியலறை ஓரமாக இடது பக்கம் ஒதுங்கி, கூடத்துக்குள் திரும்பி, வாசல். குளியலறை மூலையில் கோட்டை மிதிக்காமல் திரும்புவதற்கு "கால் பக்கம் வலது, வலது! தலை நேரா!" என்று பக்கவாட்டில் அவர் குனிந்தபடி ஓடிவந்தார். வாசலைக் கடந்து சந்தில் என்னை எடுத்து வந்த அந்த நிமிடம், எதிர்வீட்டு அம்மாள் குடத்தோடு வெளியே வந்தாள். குடம் விழுந்தது.

"ஐயையோ! காலையில டீ குடிச்சிட்டு நல்லாத்தானே இருந்தாரு!"

நான் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லம்மா, அளவு பாக்கறோம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் மூன்று வாரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஜமீலா சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்த நாளுக்குப் பிறகு முதல் முறை. நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர, நாற்காலிப் பிடியை அடித்து அடித்துச் சிரித்தாள். டைரியில் நேரம் குறித்திருக்கிறேன்: 3.25.

வேலை தொடங்கியது. குளியலறைச் சுவர் இடுப்பளவு எழும்பிய ஒரு புதன்கிழமை ஜமீலாவைப் பார்க்கக் கூட்டிப் போனேன். மூலையருகில் நாற்காலியை நிறுத்தி வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? இது உங்க பாடை அளவுதானே?"

"ஆமா. ஆறே முக்கால் அடி. வளைவுல ரெண்டு பக்கமும் மூணு அங்குலம் மிச்சம்."

"நாங்க பாடையில போறதில்லையே அண்ணே. எங்களுக்குப் பள்ளிவாசல் சந்தூக்குப் பெட்டியாச்சே?"

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்பது வருடமாக ஊரெல்லாம் சாவை அளந்தவர். எங்கள் சாவுக்கு வேறு அளவு என்று தோன்றவேயில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். எத்தனை ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்திருக்கிறேன்! மூங்கிலில் படுத்தபோது அது மூங்கில் என்பதே உறைக்கவில்லை.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம் அவர் டேப்போடு எங்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார், என்னிடம் சொல்லாமல். கொட்டகையில் வைத்திருந்த சந்தூக்கின் மேல் ஏறாத குறையாக நீளம் எடுத்துக்கொண்டிருந்தபோது பாங்கு சொல்லும் மோதினார் பார்த்துவிட்டார்.

"யாருங்க நீங்க? யாரு மவுத்து?"

"இன்னும் இல்லீங்க."

"இன்னும் இல்லைன்னா?"

"ஆகும்போது இடிக்கக் கூடாது பாருங்க, அதுக்கு."

மோதினார் எனக்குப் போன் செய்தார். "பாய், நெத்தியில விபூதியோட ஒருத்தரு வந்து சந்தூக்கை அளக்குறாரு. உங்க வீட்டுக்குன்னு வேற சொல்றாரு. அவரை வெரட்டவா, உங்களுக்கு துஆ செய்யவா?"

நான் ஓடிப்போனபோது இருவரும் சந்தூக்கின் இரண்டு முனையிலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் புரிந்த மோதினார், "காலோட சேத்து உயரமும் எடுத்துக்கோங்க சார், மேல மூடி ஒண்ணு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கைப்பிடியோடு எட்டடி இரண்டு அங்குலம். மரமும் இரும்பும். மூங்கில் மாதிரி நெளியாது, சாய்க்கவும் முடியாது. குளியலறை மூலையில் நிச்சயமாக இடிக்கும்.

"விடுங்க சார், வாசல் வரைக்கும் கையில தூக்கிட்டு வந்துக்கலாம்" என்றேன்.

"கையிலயா? மூட்டையாட்டமா?" என்றார்.

அன்று மாலையே சுவரை அவர் கையாலேயே பிரித்தார். செல்வம் கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்தான், தரவில்லை. சுண்ணாம்புக் காரை இன்னும் முழுதாய் இறுகவில்லை, செங்கற்கள் சமர்த்தாகக் கழன்று வந்தன. எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டில் உடைந்தவை மூன்று. மூலையைக் குறுக்கே வெட்டி, சாய்வாகப் புதுச் சுவர். அதனால்தான் எங்கள் குளியலறைக்கு மூலை ஐந்து. ஐந்து மூலையா, ஆகாதே என்று சொன்ன ஜோசியரிடம் செல்வமே பதில் சொன்னான்: "ஒரு மூலை போறவங்களுக்கு, நாலு மூலை குளிக்க."

ஐந்தரை மாதத்தில் குடிபோனோம். வாசற்படி கிடையாது, சக்கரம் தடுக்காது. பிணத்துக்கென்று விட்ட அகலத்தில் ஜமீலாவின் நாற்காலி, யார் கையும் இல்லாமல், பின் அறையிலிருந்து வாசல் வரை போய்த் திரும்பியது. காய்கறி வண்டிக்காரரிடம் அவளே பேரம் பேசினாள். எதிர்வீட்டு அம்மாளிடம் சமாதானமாகி, அவள் மருமகளைப் பற்றிய முழு வரலாற்றையும் பெற்றுக்கொண்டாள். பத்து மாதம் அப்படிப் போனது. பிறகு கைகளும் ஓய்ந்து, பகலில் பாதி நேரம் பின் அறைக் கட்டிலில் என்றானது.

பாடை இன்ஜினியர் மட்டும் எங்கே இருந்தார் என்று கேட்கவேண்டும். ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பின்னால், ஒரு வாடகை மாடியறையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மாடிப்படியில் நான் பக்கவாட்டில்தான் ஏறவேண்டும்.

"சார், ஊருக்கெல்லாம் அகலம் பாக்கறீங்க. இந்தப் படியில உங்க மூங்கில்கூட இறங்காதே?"

"எனக்கு யாரு பாய் தூக்க வரப்போறா? ஆளே இல்லாததுக்கு அகலம் எதுக்கு?" என்று மூங்கிலை ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கினார். தினமும் அப்படித்தான் இறக்குவாராம்.

அந்தப் படியில்தான் விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது உள்ளே வேறொன்றும் தெரிந்தது. ஈரலில் கட்டி, முற்றிப்போனது. லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா மகன் நல்லவன், ஆனால் அவன் வீடு ஓட்டு வீடு, ஆறு பேர். பழைய அறைக்கு ஸ்ட்ரெச்சரை ஏற்ற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். செல்வம் போனில் அழுதான்.

ஜமீலாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"இங்க கூட்டிட்டு வாங்க. பின் ரூம்ல காத்து வரும், பாத்ரூமும் பக்கம். நாம கூடத்துல கதவை மூடிக்கிட்டுப் படுத்துக்கலாம்."

"அது உன் ரூம், ஜமீலா."

"என் வழிதானே அது? எனக்கு இப்ப அவசரம் ஒண்ணுமில்ல. அவரு முன்னாடி போகட்டும்."

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அவர் வந்தார், ஸ்ட்ரெச்சரில். ஐந்தாவது மூலையைக் கடக்கும்போது தலையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு அங்குலம் சாச்சிருக்கலாம்" என்றார். பின் அறைக் கட்டிலில் படுத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கத்தினார்.

"பாய்! தங்கச்சியக் கூப்பிடுங்க!"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"தங்கச்சி, இந்த ஜன்னல் வழியா என்ன தெரியுது?"

ஜமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரே தொடர்ந்தார்.

"படுத்தா வானம்தான் தெரியுது. தெரு தெரியல. எத்தனை மாசமா இந்த வானத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தே? முதல் நாளே என்ன கேட்டே? தெரு தெரியணும்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஏற்கெனவே ஒரு சுவத்தை உங்க கையால இடிச்சீங்க. மறுபடியும் எப்படிண்ணே சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வேட்டி நுனி எட்டவில்லை. நான் வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். "செத்தவன எப்படிக் கொண்டுபோறதுன்னு நாப்பது வருஷம் பாத்தேன். படுத்தவன் கண்ணத் தெறந்துக்கிட்டு இருப்பான்னு ஒருநாள்கூட நான் படுத்துப் பாக்கல. உங்களப் படுக்கவெச்சு, கண்ண மூடச் சொன்னேன்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செல்வம் வந்தான். கட்டிலில் படுத்தபடியே, தன் கண்ணுக்கு நேரே கட்டைவிரலை நீட்டி, அவர் உத்தரவு போட்டார். ஜன்னலின் அடிச்சுவர் பதினான்கு அங்குலம் இறங்கியது. தூசி அடிக்குமே என்று அவரை நகர்த்தப் பார்த்தோம், மறுத்துவிட்டார். இருபத்தாறு செங்கல், ஒன்றும் உடையவில்லை. சுவர் திறந்ததும் பக்கத்துச் சந்து தெரிந்தது: ஒரு தண்ணீர்க் குழாய், நிறுத்தி வைத்த ஒரு ஸ்கூட்டர், வாலாட்டாத ஒரு நாய். உலகப் புகழ் பெற்ற எந்தக் காட்சியும் அதில் இல்லை. அவர் பார்த்துவிட்டு, "இப்ப சரி. தங்கச்சி வரும்போது சரியா இருக்கும்" என்றார்.

பத்தொன்பது நாள் இருந்தார். கடைசி வாரம் வலி பேச்சைத் தின்றுவிட்டது. இருபதாம் நாள், புதன்கிழமை, காலை 6.40. குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

அக்கா மகன் வந்தான். சந்து சின்னது, உடம்பைக் கையில் தூக்கி வெளியே கொண்டுவந்து, ரோட்டு முனையில் பாடை கட்டிக்கொள்ளலாம் என்றான். வழக்கமும் அதுதான். ஜமீலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் குரல் அப்போதே பாதிதான் இருந்தது.

"கூடாது தம்பி. பாடைய இங்கயே, உள்ளயே கட்டுங்க. அவரு படுத்தபடியே போகணும்."

மடக்குக் கதவுகளைத் திறந்தோம். இரண்டு அறையும் ஒரு கூடமானது. அங்கே உட்கார்ந்து மூங்கில் கட்டினார்கள். பள்ளிவாசலிலிருந்து மோதினார் வந்து வாசலோரம் நின்றார். யார் சொல்லித் தெரிந்ததோ, சந்து நிரம்பிவிட்டது. பெரும்பாலோர் அவரிடம் வீடு கட்டியவர்கள். கட்டாமல் திட்டிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். தேங்காய் மூடி எறிந்தவரும் வந்திருந்தார். தோள் கொடுக்க வந்தவர்களை எண்ணினேன்: முப்பத்தொரு பேர். தூக்க யாருமில்லை என்றவருக்கு முறை வைத்துத் தூக்கவேண்டியிருந்தது.

ஜமீலா குளியலறை மூலைக்கு எதிரே நாற்காலியை வைக்கச் சொன்னாள். பின் அறையிலிருந்து எடுத்தார்கள். செல்வம் முன்னால் கால் பக்கம், அவனோடு மூன்று பேர். "கால் பக்கம் வலது... வலது" என்று செல்வம் அவர் குரலிலேயே சொன்னான். எட்டடிச் சந்தூக்கிற்காக வெட்டிய மூலை; பாடை அதில் தாராளமாகத் திரும்பியது. இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் மிச்சம். சுண்ணாம்புச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

கடந்துபோகும்போது ஜமீலா கையைத் தூக்க முயன்றாள். முடியவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"இடிக்கலண்ணே."

ஜமீலா இப்போது பின் அறையில்தான். ஜன்னல் வழியாகக் குழாயடிச் செய்திகள் எனக்கு முன்னால் அவளுக்கு வந்துவிடுகின்றன. சாயங்காலம் நாற்காலியில் வைத்து அவளை வாசலுக்குத் தள்ளிப் போகிறேன். ஐந்தாவது மூலை வந்ததும் கண்ணால் நிறுத்தச் சொல்வாள். நிறுத்துவேன். எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அவரு மூங்கிலைத் தூக்கிட்டு வருவாருங்க" என்றாள். "முதல்ல அவரு போகட்டும்."